எனக்குக் குளிராது

அன்புள்ள சிஸ்டர்,

உங்கள் தம்பி மகள் வந்துவிட்டுப் போனாள். கையோடு உங்கள் பச்சை ஸ்வெட்டரைக் கொண்டுவந்து கொடுத்தாள். பொட்டலத்தைப் பிரித்ததும் முதலில் அந்துருண்டை வாசனை. அதற்கடியில் லேசாக ஆட்டு வாசனை. இத்தனை வருஷம் கடலுக்கு அந்தப் பக்கம் பீரோவில் கிடந்த துணியில் ஜவ்வாது மலை ஆட்டின் வாசனை எப்படி இருக்கும் என்று நீங்கள் கேட்பீர்கள். இருக்கிறது. இடது கை நுனியில் அந்தக் கிடா கடித்துத் தின்ற ஓட்டையும் அப்படியே இருக்கிறது. நீங்கள் அதைத் தைக்கவே இல்லை.

நீங்கள் போய்ச் சேர்ந்த செய்தி மழைக்காலத்திலேயே வந்துவிட்டது. அப்போதே அழ வேண்டியதை எல்லாம் அழுது முடித்துவிட்டேன். இப்போது எழுதுவது அழுவதற்காக இல்லை, சண்டை போடுவதற்காக. உங்கள் தம்பி மகள் கிளம்புகிற அன்று காலையில் ஒரு விஷயம் சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து உங்கள் மேல் எனக்குக் கோபம். செத்தவர்களிடம் சண்டைக்குப் போகக்கூடாதுதான். ஆனால் நீங்கள் இருக்கும்போது இது எனக்குத் தெரியாமல் போயிற்றே, நான் என்ன செய்ய?

என்ன சொன்னாள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் நியாயம் யார் பக்கம் என்று தெரியும்.

எழுபதுகளின் கடைசி. ஒரு மார்கழி மாதம் மிஷன் ஜீப்பிலிருந்து நீங்கள் இறங்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் செங்கத்துப் பெண். நர்ஸ் படிப்பு முடித்து, வேலை கிடைக்கிறதே என்று மலையேறி வந்தவள். கும்பிடுவது எங்கள் குலசாமியை, வேலை பார்ப்பது உங்கள் மிஷனில். நீங்களும் ஒருநாளும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. அன்றைக்கு நான் ஸ்வெட்டர் போட்டு, அதன்மேல் சால்வை போர்த்தி, தலைக்கு மப்ளர் சுற்றி, மூக்கு மட்டும் வெளியே தெரிய நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் அரைக்கைச் சட்டையும் பாவாடையுமாகக் குதித்து இறங்கினீர்கள். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உங்கள் ஊரில் ஒரு பண்டிதரிடம் கற்ற சுத்தத் தமிழில் கேட்டீர்கள்: "தங்களுக்கு உடல்நலம் குன்றியிருக்கிறதா?"

"குளிருதுங்க" என்றேன்.

"இதுவா குளிர்? எங்கள் நாட்டில் இதற்குப் பெயர் வசந்த காலம்."

அன்று பிடித்தது இந்த வசந்த காலம். நமக்கு இரண்டு அறை ஓட்டு வீடு. முன்னறை ஆஸ்பத்திரி, பின்னறையில் நாம் இரண்டு பேர். மிஷன் தலைக்கு ஒரு கம்பளி கொடுத்திருந்தது. அந்த ஊர்க் குளிருக்கு ஒரு கம்பளி எந்த மூலைக்கு? முதல் நாளே உங்கள் கம்பளியைத் தூக்கி என் பாயில் போட்டீர்கள். "எனக்குக் குளிராது. இது இங்கே இருந்தால் எனக்கு இடைஞ்சல்" என்றீர்கள். ஒரு பேச்சுக்காவது வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெள்ளைக்காரர்களுக்கு உடம்பே வேறு மாதிரி என்று எங்கள் அப்பா சொல்லி நான் கேட்டிருக்கிறேன். இரண்டு கம்பளியையும் இழுத்துப் போர்த்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

விடிந்ததும் ஊற்றுத் தண்ணீரில் குளித்துவிட்டு வருவீர்கள். வெந்நீர் போட்டுத் தருகிறேன் என்றால், விறகு வீண் என்பீர்கள். ஒருநாள் உங்கள் கையைப் பார்த்தேன். மயிர் எல்லாம் குத்திட்டு நின்றது.

"இது ஏன் சிஸ்டர் இப்படி நிக்குது?"

"மரியாதைக்காக. உங்கள் மலையைப் பார்த்து எழுந்து நிற்கிறது."

ஊரே இதை நம்பியது. வெள்ளைக்காரம்மாவுக்கு உடம்புக்குள்ளே அடுப்பு இருக்கிறது என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். கீழே மாதக் கூட்டத்துக்குப் போனால் அங்கேயும் உங்கள் குளிராத உடம்புதான் பேச்சு. மிஷனுக்குத் தலைவராக இருந்த பெரிய ஐயா, புதிதாக வந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளிடம் உங்களைக் காட்டி, "இவரைப் போல் இருக்க வேண்டும்" என்பார். உங்களுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான். இல்லை என்று சொல்லாதீர்கள்.

சரி, ஊசிக்கு வருகிறேன்.

நம் ஆஸ்பத்திரிக்கு ஆள் வராமல் இல்லை. சொறிக்கு மருந்து, வயிற்று வலிக்கு மாத்திரை, கோடரி பட்ட காலுக்குக் கட்டு, எல்லாவற்றுக்கும் வந்தார்கள். சாமையும் தேனும் பலாச்சுளையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆனால் நல்லாயிருக்கும் பிள்ளைக்குத் தடுப்பூசி என்றால் மட்டும் ஒருத்தரும் அசையவில்லை. "நோவே இல்லாத புள்ளைக்கு இன்னாத்துக்குமா ஊசி? நீயே நோவ வரவழைக்கிறியா?" என்பார்கள். அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருந்தது. ஊசி போட்டால் அன்றைக்குக் காய்ச்சல் வருமே, அதை எப்படி விளக்குவது?

நீங்கள் வந்த அடுத்த வருஷ மார்கழியில் ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊரில் கக்குவான் இருமல் வந்துவிட்டது. காற்று திரும்பினால் அந்தப் பிள்ளைகள் இருமுவது நமக்குக் கேட்கும். அந்த இருமலைக் கேட்டால் பூங்காவனம் காதைப் பொத்திக்கொள்வாள். அவள் ஊர்க்கவுண்டருடைய மருமகள். அதற்கு முந்தின வருஷம் அவளுடைய மூத்த பையன் இருமி இருமி நீலம் பாரித்து அவள் மடியிலேயே போனான். இப்போது இடுப்பில் ஒரு பெண் குழந்தை. அவளுக்கு ஊசி போட ஆசைதான். ஆனால் ஊர் போடாமல் அவள் மட்டும் எப்படிப் போடுவாள்?

நீங்கள் நேராகக் கவுண்டரிடமே போனீர்கள். அவர் நல்ல மனுஷன். பேரனைக் குழியில் வைத்தவர், அவருக்குத் தெரியாததா? ஆனால் அவர் சொன்னார்: "யம்மா, ஊருக்குள்ள புதுசா எது வந்தாலும் காளியாத்தாவ ஒரு வார்த்த கேட்டுட்டுத்தான் செய்வோம். அவ சரின்னா சரி. நான் யாரு நடுவுல?"

"எவ்வாறு கேட்பீர்கள்?" என்றீர்கள் நீங்கள்.

"கெடாய நிக்க வெச்சி மஞ்சத் தண்ணி ஊத்துவோம். ஒடம்ப ஒதறிச்சின்னா உத்தரவு ஆச்சு. ஒதறலைன்னா இல்ல."

எங்கள் ஊரிலும் இதே வழக்கம்தான், எனக்குத் தெரியும். உங்களுக்குத்தான் புதுசு. வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டீர்கள். பலி கொடுக்கும் இடத்தில் மிஷன்காரர்கள் கலந்துகொள்ளக் கூடாது என்று சட்டம். போகாவிட்டாலோ ஊருக்கு மரியாதைக் குறைவு. கடைசியில், "நான் கலந்துகொள்ளவில்லை. அருகில் நிற்கிறேன். நிற்பது பாவம் அன்று" என்று நீங்களே தீர்ப்புச் சொல்லிக்கொண்டீர்கள். அன்று காலை ஜெபத்தில் நீங்கள் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. ஒரு வெள்ளைக்கார மிஷனரி, காளி கோயில் கிடா நன்றாக உதற வேண்டும் என்று ஏசுசாமியிடம் வேண்டிக்கொண்டதை இந்த உலகத்தில் கேட்டவள் நான் ஒருத்திதான். நானும் சும்மா இல்லை. எங்கள் குலசாமிக்கு ஒரு பொங்கல் நேர்ந்துகொண்டேன். ஆக மூன்று தெய்வங்கள் அந்த ஒரு கிடாவுக்குப் பொறுப்பு.

முந்தின சாயங்காலம்தான் ஜீப்பில் ஊசி மருந்து வந்திருந்தது. செங்கத்து ஐஸை மரத்தூளில் பொதிந்து, பெட்டிக்குள் வைத்து அனுப்பியிருந்தார்கள். ஐஸ் கரைவதற்குள் போட்டாக வேண்டும். விட்டால் அடுத்த மாதம்தான் ஜீப். கக்குவான் அதுவரை ஓடைக்கு அந்தப் பக்கமே காத்துக்கொண்டிருக்குமா? நீங்கள் அந்தப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டே கோயிலுக்கு வந்தீர்கள். பனி மூட்டத்தில் கோயில் வேப்பமரமே பாதிதான் தெரிந்தது. ஊர் மொத்தமும் கம்பளியும் கோணியுமாகப் போர்த்திக்கொண்டு நின்றது. நீங்கள் அரைக்கைச் சட்டையில்.

கிடாவைக் கொண்டுவந்தார்கள். கறுப்பு. நல்ல கொம்பு. கவுண்டர் கும்பிட்டுவிட்டு ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரை அதன் முதுகில் ஊற்றினார். அது திரும்பி அவரைப் பார்த்தது. அவ்வளவுதான். இரண்டாவது சொம்பு. அது கழுத்து மாலையை எட்டிப் பிடித்து மெல்ல ஆரம்பித்தது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, இது நிதானமாக ஒவ்வொரு பூவாகத் தின்கிறது. மூன்றாவது சொம்பைத் தலையிலேயே ஊற்றினார்கள். காதில் தண்ணீர் போனால் எந்த ஆடும் உதறும். இது கண்ணை மூடிக்கொண்டு நின்றது. என் ஆயுசில் அப்படி ஒரு பொறுமைசாலி ஆட்டை நான் பார்த்ததில்லை. உங்கள் பெட்டியின் மூலையிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிச் சொட்டி உங்கள் பாவாடை நனைந்துகொண்டிருந்தது.

"ஆத்தா வேணான்ட்டா" என்றார் கவுண்டர். சொம்பைக் குடத்தின் மேல் வைத்தார். "இன்னா பண்றது. போங்க எல்லாரும் வூட்டுக்கு."

கூட்டம் கலைய ஆரம்பித்தது. அப்போதுதான் பூங்காவனம் முன்னால் வந்தாள். மாமனார் எதிரில் நிமிர்ந்து பேசாதவள். குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"மாமா, ஊசி போடப் போறது ஆடா?"

கவுண்டருக்குப் புரியவில்லை. "இன்னாடி சொல்ற?"

"போடப் போறது இந்தம்மா. அப்பறம் ஆட்டப் போயி கேட்டா அது இன்னா சொல்லும்? போடறவங்களயே கேளுங்க."

சொல்லி வாய் மூடவில்லை, குடத்தில் மொண்ட சொம்பு உங்கள் தலையில் கவிழ்ந்தது. மார்கழி மாதத்து ஊற்றுத் தண்ணீர், சிஸ்டர். பக்கத்தில் நின்ற என் மேல் நாலு சொட்டுத் தெறித்ததற்கே நான் அலறிவிட்டேன்.

நீங்கள் அசையவில்லை. மஞ்சள் தண்ணீர் மூக்கு வழியாக வழிகிறது, நீங்கள் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கம்பம் மாதிரி நிற்கிறீர்கள். கலைந்த கூட்டம் திரும்பி வந்துவிட்டது. யாரோ ஒரு ஆள், "அவங்களுக்கு எங்க குளிரப் போவுது? ஒடம்புக்குள்ள அடுப்பு இருக்குதே" என்றான். பூங்காவனம் இரண்டாவது சொம்பு ஊற்றினாள். அதற்கும் நீங்கள் நின்றீர்கள். கிடாவும் நீங்களும் பக்கத்தில் பக்கத்தில், ஒன்றுக்கொன்று சளைக்காமல்.

நான் உங்கள் காதோரம் வந்து கெஞ்சினேன். "ஒதறுங்க சிஸ்டர். கொஞ்சம் ஒதறினா போதும்."

"முடியாது" என்றீர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னீர்கள். பொய்யாக உதற மாட்டேன் என்கிறீர்கள் என்று நினைத்து, எனக்கு வந்த ஆத்திரத்தில் உங்களைப் பிடித்து நானே உலுக்கியிருப்பேன்.

பூங்காவனம் மூன்றாவது சொம்பை மொண்டாள். அவள் அழுதுகொண்டிருந்தாள். "ஒதறும்மா" என்றாள் உங்களிடம். "எம்மா, ஒதறும்மா." அவள் இடுப்பிலிருந்த குழந்தை எட்டி உங்கள் மூக்கில் வழிந்த தண்ணீரைத் தொட்டுப் பார்த்தது. நீங்கள் அந்தக் குழந்தையைப் பார்த்தீர்கள்.

அப்புறம் உதறினீர்கள் பாருங்கள்! அதை உதறல் என்று சொல்வதா? தாடை வெடவெடத்தது, தோள் குலுங்கியது, முழங்கால் இரண்டும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டது, கூந்தலிலிருந்து மஞ்சள் தண்ணீர் நாலா பக்கமும் தெறித்துக் கவுண்டர் வேட்டியெல்லாம் மஞ்சள். பெட்டிக்குள் ஊசி மருந்துப் புட்டிகள் கிணிகிணி என்று அடித்துக்கொண்டன. நிறுத்தவே முடியவில்லை உங்களுக்கு. கிடாவே பயந்து நாலடி தள்ளிப் போய் நின்றது.

"உத்தரவு ஆச்சு!" என்று கவுண்டர் கத்தினார். பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ கிடா தின்றது போக மிச்சமிருந்த மாலையை உங்கள் கழுத்தில் போட்டார்கள். எனக்குத் திடீரென்று ஒரு சந்தேகம். உதறிய கிடாவை அடுத்தது என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியுமே. "கவுண்டரே, இனிமே இவங்கள இன்னா பண்ணப் போறீங்க?" என்று கேட்டேன்.

அவர் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தார். "இன்னா பண்றது? சாமச்சோறும் கொழம்பும் போடறது."

முதல் ஊசி பூங்காவனத்தின் பெண்ணுக்கு. மஞ்சள் முகத்தோடு நீங்கள் குனிந்ததும், ஊசி போடுவதற்கு முன்பே அது வீறிட்டது. ஐஸ் கரைந்து முடிவதற்குள் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் போட்டு முடித்தோம். தை மாதத்தில் கக்குவான் ஓடையைத் தாண்டி வந்தது. நம் ஊரில் ஒரு பிள்ளையையும் கொண்டுபோக முடியாமல் திரும்பிப் போனது. அந்தப் பெண் இப்போது கீழே சந்தைக்குப் புளி ஏற்றி அனுப்புகிற வியாபாரி. குரல் மட்டும் அன்றைக்குப் போலவேதான்.

உதறாத கிடாவை வெட்டக்கூடாது என்பதால் அதை நமக்கே கொடுத்துவிட்டார்கள். அது நம் வீட்டில் செய்த அட்டகாசம் தனிக்கதை.

விஷயம் கீழே போகாமல் இருக்குமா? பெரிய ஐயா உங்களைக் கூப்பிட்டனுப்பினார். வாசலில் நான் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"காளி கோயில் சடங்கில் நீங்கள் கலந்துகொண்டீர்களாமே?"

"தண்ணீர் ஊற்றினார்கள், குளிர்ந்தது, நடுங்கினேன். இதில் சடங்கு எது, ஐயா?"

"உங்களுக்குத்தான் குளிராதே. நீங்களே சொல்லியிருக்கிறீர்களே. அப்படியானால் நடித்தீர்களா?"

எனக்கு வாசலில் வேர்த்துவிட்டது. குளிர்ந்தது என்றால் இத்தனை நாள் சொன்னது பொய். குளிரவில்லை என்றால் உதறியது பொய். உங்கள் குரல் வந்தது: "குளிர்ந்தது, ஐயா."

அவர் இரக்கமுள்ள மனுஷன்தான். வீட்டுக்குள் போய்த் தன் மனைவி பின்னிய பச்சை ஸ்வெட்டரைக் கொண்டுவந்து உங்களிடம் கொடுத்தார். "இனிமேல் குளிரில் இதைப் போடாமல் உங்களைப் பார்க்கக் கூடாது" என்றார்.

அன்றிலிருந்து உங்கள் பாடு திண்டாட்டம் என்று நான் நினைத்தேன். பெரிய ஐயா வரும்போதெல்லாம் ஸ்வெட்டர். ஒருமுறை அவர் சித்திரை வெயிலில் சொல்லாமல் வந்துவிட்டார், நீங்கள் ஓடிப்போய் மாட்டிக்கொண்டு வந்து வேர்வை ஒழுக நின்றீர்கள். நான் உள்ளே போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். மார்கழியில் அவர் வராதபோதும் காலையில் அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். கேட்டால், "திடீரென்று வந்துவிட்டால்?" என்பீர்கள். ஜீப்பே வராத நாளில் ஐயா எங்கிருந்து திடீரென்று வருவார் என்று எனக்குத் தோன்றவில்லையே! குளிர்ந்தது என்று ஐயாவிடம் சொன்ன ஒரு பொய்யைக் காப்பாற்ற இத்தனை கஷ்டப்படுகிறாரே, எல்லாம் அந்தப் பிள்ளைகளுக்காகத்தானே என்று நினைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், பொய்யே சொல்லாத நீங்கள் அந்தக் குழந்தைக்காக ஊர் முன்னால் பொய்யாக உதறினீர்கள் என்பதற்காகவே உங்களை அவ்வளவு நேசித்தேன். விசா கிடைக்காமல் நீங்கள் ஊருக்குத் திரும்பிய பிறகும், இத்தனை வருஷமும், அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன்.

இப்போது உங்கள் தம்பி மகள் சொன்னதற்கு வருகிறேன்.

அவள் இங்கே ஒருநாள் தங்கினாள். நான் இன்னும் அதே ஊரில்தான் இருக்கிறேன், வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் மலையை விட்டு இறங்க மனம் வரவில்லை. அதே மார்கழி. வீட்டில் நல்ல கம்பளி ஒன்றுதான் இருந்தது, அதை அவளிடம் கொடுத்தேன். வேண்டாம் என்றாள். "எனக்குக் குளிராது" என்றேன். வாயில் அதுவாகவே வந்துவிட்டது. அவளும் வாங்கிப் போர்த்திக்கொண்டு நன்றாகத் தூங்கினாள். காலையில் டீ போடும்போது என் கை உதறி, டம்ளர் தட்டில் கிணிகிணி என்று அடித்தது. அதைப் பார்த்துவிட்டு அவள் சிரித்தாள், பிறகு அவள் கண் கலங்கியது.

"அத்தையும் இதைத்தான் சொல்வார். எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் தன் போர்வையைக் கொடுத்துவிட்டு, எனக்குக் குளிராது என்பார். எங்கள் குடும்பத்திலேயே குளிர் தாங்காதவர் அவர்தான். கோடையிலும் காலுறை போடுவார். குளிர் தாங்காமல்தான், வெயில் ஊராகப் பார்த்து அனுப்புங்கள் என்று மிஷனில் கேட்டு இந்தியாவுக்கு வந்தாராம்."

வெயில் ஊர் கேட்ட உங்களை ஜவ்வாது மலை உச்சியில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள்! நான் சிரித்த சிரிப்பில் டீ கொட்டிப்போயிற்று. சிரித்து முடித்த பிறகுதான் அந்த இரண்டாவது கம்பளி ஞாபகத்துக்கு வந்தது.

அத்தனை மார்கழியும் நீங்கள் வெறும் போர்வையோடு சுருண்டு கிடக்க, பக்கத்துப் பாயில் இரண்டு கம்பளிக்குள்ளே நான் குறட்டை விட்டிருக்கிறேன். குத்திட்டு நின்ற மயிரைப் பார்த்தும் மரியாதை என்று நம்பியிருக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இதுதான் சிஸ்டர் என் சண்டை. காளி கோயில் வாசலில் நீங்கள் "முடியாது" என்றது பொய்யாக உதற முடியாது என்று இல்லை. அதுவரை அடக்கிவைத்திருந்த நடுக்கத்தை வெளியே விட முடியாது என்றிருக்கிறீர்கள்; விட்டால், உங்கள் கம்பளியை வாங்கிப் போர்த்திக்கொண்ட எனக்கு எல்லாம் தெரிந்துவிடும், நான் பக்கத்திலேயே நின்றேனே. அங்கே உதறியது பொய்யே இல்லை. அதுவரை உதறாமல் இருந்ததுதான் பொய். காளியாத்தா சரியான ஆளைத்தான் கேட்டிருக்கிறாள்.

இதை உங்கள் பச்சை ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். எனக்குக் கொஞ்சம் பெரிசு, ஆனால் நல்ல கதகதப்பு. வெளியே பனி இறங்கிக்கொண்டிருக்கிறது. பூங்காவனம் இந்நேரத்துக்கு வருவாள், வயதாகிவிட்டது, ஒரு சால்வைகூட இல்லாமல் நடந்து வருவாள். அவள் செருப்புச் சத்தம் கேட்டதும் இதைக் கழற்றி அவள் தோளில் போட வேண்டும். என்ன சொல்லிப் போடுவது என்று யோசிக்க வேண்டியதில்லை.